மின்னூலின் விலையும் பதிப்பின் மதிப்பும்

நூல் ஒன்று தாளில் அச்சாகி ஒரு விலைக்கும், அதே நூல் மின்வடிவில் அதனினும் குறைந்த விலைக்கும் விற்கப்பெறும் காலம் இது. இவ்விரண்டனுள் கொடுத்த விலைக்குத் தகுவது எது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. தாளின் மணத்தையும் ஏடு புரட்டும் இன்பத்தையும் பாராட்டி, அச்சு நூலே சிறந்தது என்பார் ஒருசாரார். ஓர் அறை கொள்ளாத நூல்களைக் கைப்பேசி ஒன்றினுள் அடக்கலாம் என மின்னூலைப் போற்றுவார் மற்றொரு சாரார். இரண்டும் சுவை பற்றிய கூற்றுக்கள். தமிழிலக்கியம் ஆராய்வார்க்கு இவற்றால் விளையும் பயன் சிறிது. விலை கொடுத்துப் பெற்ற வடிவில் பாடம் திருந்திய நிலையில் உளதா, பதிப்பாசிரியர் பட்ட உழைப்பு முழுவதும் வந்து சேர்ந்ததா, பத்தாண்டு கழித்தும் அது கையில் இருக்குமா என்பனவே அவர் கேட்க வேண்டியவை. காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இரு நூல்களை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை ஆராய்கின்றது. ஒன்று, திருக்குறட்குப் பரிமேலழகர் வகுத்த உரை. அவர் காஞ்சியினர் என்பது தொன்றுதொட்டு வழங்கிவரும் செய்தி. மற்றொன்று, அந்நகரத்துக் குமரகோட்டத்தில் அரங்கேறியதாகக் கூறப்படும் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம்.

விலையின் கூறுகள்

விலை என்பது எவற்றால் ஆயது என்பதனைக் காஞ்சி நகரத்தார்க்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. அந்நகரத்துச் சேலைக்குரிய பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகின்றது. ஊருக்கு உரியது நெய்வோர் கைத்திறன். உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகட்கு இரு நாடாவும் ஓட்டி, கரையையும் உடலையும் நெய்யும்போதே பிணைப்பது கோர்வை எனப்படும். 2005 ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. விசைத்தறியில் நெய்த சேலை தொலைவினின்று காண்பார்க்கு ஒப்பத் தோன்றும், விலையும் குறைவு. எனினும் அறிந்தவர் சேலையைப் புறந்திருப்பிக் கரை சேரும் இடத்தை நோக்குவர். நோக்கிய பின்னரே விலை பேசுவர்.

நூலின் விலையிலும் இத்தகைய இருகூறுகள் உள. தாள், மை, அச்சுக்கூலி, கட்டுமானம், கிடங்கு வாடகை, வண்டிச் சத்தம், கடைக்காரர்க்குரிய கழிவு என்பன ஒரு கூறு. ஆசிரியர், பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துவோர் ஆகியோர் உழைப்பு மற்றொரு கூறு. நம் நாட்டில் நூல் விலை நெடுங்காலமாக முதற்கூறு கொண்டே அளக்கப்பட்டு வந்துள்ளது. நூலகங்கட்கு நூல் வாங்குங்கால் 16 பக்கங் கொண்ட படிவம் ஒன்றுக்கு இத்துணை எனக் கணிக்கும் முறை இதற்குச் சான்று. இம்முறையில், சொல்லடைவும் பாடவேறுபாடும் அமைய ஈராண்டு உழைத்துப் பதிப்பித்த 320 பக்கநூலும், பழைய பதிப்பொன்றைப் பார்த்து எழுத்துக் கோத்த 320 பக்கநூலும் ஒரே நிறையினவாய் நின்றுவிடுகின்றன. தாளை வைத்தே நூலை மதித்துப் பழகியவர்க்குத் தாள் நீங்கிய நூலுக்கு விலை ஏன் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ‘மின்னூலுக்கும் நூறு ரூபாயா?’ என்று மாணாக்கர் வினவுவது இப்பழக்கத்தின் விளைவு. மின்னூலில் கழிவது முதற்கூறு ஒன்றே. இரண்டாங்கூறு அவ்வாறே நிற்கும்; நிற்றல் வேண்டும். விலை குறைந்தவிடத்து எக்கூறு குறைந்தது என்று பார்ப்பதே முதல் வேலை.

ஆசிரியர்க்கு வரும் பங்கினையும் ஈண்டு ஒரு சொல்லால் குறிக்கலாம். அச்சு நூலுக்கு விலையில் 10 விழுக்காடு அளித்தல் வழக்கம். அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் மின்னூல் விற்பனையைத் தொடங்கியபின், தம் நூலைத் தாமே வெளியிடுவார் 35 விழுக்காடோ 70 விழுக்காடோ பெறும் நிலை தமிழ் எழுத்தாளர்க்கும் வாய்த்தது. ஆகவே குறைந்த விலை மின்னூலால் எழுத்தாளர் நலிவர் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. நலிவது பதிப்பாசிரியன் என்னும் இனமே. அவனுக்கு அக்கணக்கில் இடமே இல்லை.

சரக்கும் சேவையும்

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சு நூலுக்கு வரி விதிக்கப்படவில்லை. மின்னூலுக்கு 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 இல், அச்சுப்படியும் உடைய மின்னூல்கட்கு அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியின் அளவினும் அதன் அடிப்படையே நாம் நோக்கத்தக்கது. சட்டத்தின் கண்ணில் அச்சு நூல் சரக்கு, மின்னூல் சேவை. இலக்கியம் பயில்வார் கூறத் தயங்கிய வேறுபாட்டை வரிநூலார் தெளிவுறக் கூறிவிட்டனர்.

சரக்கை வாங்கியவன் அதற்கு உடையவன். அவன் அதனைப் பிறர்க்குக் கொடுக்கலாம், விற்கலாம், மக்கட்கு வைத்துச் செல்லலாம். 1957 ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும், ஒருமுறை விற்பனைக்கு வந்துவிட்ட படியை மீண்டும் பரப்புவதனைப் பதிப்புரிமையாளர்க்குரிய தனியுரிமையாக வைக்கவில்லை. பழைய நூற்கடை என்னும் நிறுவனமே இவ்விடுகையால் வாழ்வது. சென்னை மூர் மார்க்கெட்டு 1985 இல் தீக்கிரையாகும் வரை தமிழ் ஆராய்ச்சியாளர் பலர்க்கு அது இரண்டாம் பல்கலைக்கழகமாக இருந்தமை அறிவோம். கடைகள் விற்கும் மின்னூலோ பெரும்பாலும் உரிமம். வாங்கியவர் படிக்கலாம், கைமாற்ற இயலாது.

காஞ்சியில் தமிழ் முதுகலை பயில வருவாருள் நெசவுக் குடியிற் பிறந்தோர் பலர் உளர். அவர்தம் கணக்கில் இவ்வேறுபாடு யாதாகின்றது என்று பார்ப்போம். ஒரு பாடநூல் தாளில் 300 ரூபாய் என்றும் மின்வடிவில் 100 ரூபாய் என்றும் கொள்க. ஒருவர்க்கு மட்டும் கணக்கிட்டால் மின்னூலே மலிவு. ஆயின் அத்தாள்நூல் ஆண்டுதோறும் மூத்த மாணவரிடமிருந்து இளையவர்க்குக் கைம்மாறி ஐவர்க்குப் பயன்பட்டால் தலைக்கு 60 ரூபாயே ஆகும். ஐவரும் மின்னூலே வாங்கின் 500 ரூபாய். விலை குறைந்தது போலத் தோன்றி, குடிக்கும் துறைக்கும் செலவு கூடுகின்றது. நூலகத்தில் ஒருபடி இருப்பின் இக்கணக்கு இன்னும் மாறும். 1948 இல் பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டிய மாநிலம் நம்முடையது. ஒரு படியைப் பலர் படித்தல் என்பதே அச்சட்டத்தின் உயிர்; கைமாற்ற இயலாத நூல் அவ்வுயிரோடு இயையாது.

உரிமத்தின் நிலையாமைக்குச் சான்றுகளும் உள. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமையில்லாதார் வெளியிட்டவை என்று காரணங் காட்டி, ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியோர் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஒரு மாணவன் அந்நூலோடு சேர்த்து எழுதி வைத்த குறிப்புக்கள் பயனற்றுப் போயின என்று வழக்கும் தொடுக்கப்பட்டது. 2019 இல் மைக்ரோசாப்டு தன் மின்னூற் கடையை மூடியபோது விற்ற நூல்கள் யாவும் வாசிக்க இயலாதனவாயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திற்று.

இவற்றால் தாள் நிலைத்தது, மின்வடிவம் நிலையாதது என்று முடிவு கட்டுவார்க்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்ட வேண்டும். 1981 இல் அந்நகரப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் சில வேறெங்கும் படியில்லாதன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதுதான் நூலுக்கு இடர். அது தாளாயினும் ஓலையாயினும் மின்வடிவாயினும் ஒக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்படியாக்கி யாவரும் படியெடுத்துக் கொள்ளுமாறு வைத்தது. படியெடுக்க விடும் மின்னூல் தாளினும் நிலைபேறுடையது. படியெடுக்க விடாத மின்னூல் ஓலையினும் நிலையற்றது.

ஓலைப்பிழை மீண்டும்

இனி, பாடத்தின் நிலை. இதுவே இக்கட்டுரையின் நடுப்பகுதி. மின்னூல் பற்றி எழுதுவார் பலரும் எளிதிற் கடந்து செல்வதும் இதுவே.

ஓலைச்சுவடியைப் படித்து அச்சேற்றிய பெருமக்கள் எதிர்ப்பட்ட இடர்கள் நம் மாணாக்கர்க்குப் பாடமாகச் சொல்லப்படுவன. மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேறுபாடில்லை. ஆகாரக் காலும் ரகரமும் ஒரே வடிவின. செய்யுள் அடிபிரியாது தொடர்ந்து ஓடும். மூலமும் உரையும் மேற்கோளும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றிக் கிடக்கும். இவற்றைப் பிரித்தறிந்ததே சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்றோரின் பதிப்புத் தொண்டு. கையொப்பம் திரட்டி, கடன்பட்டு, தம் பொருளையும் செலவிட்டு அவர்கள் அச்சிட்ட நூல்களின் விலையில் தாளின் பங்கு எவ்வளவு, இப்பிரித்தறியும் அறிவின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் தகும். 1887 இல் வெளிவந்த சீவகசிந்தாமணியை விலை கொடுத்து வாங்கியவர் தாளை வாங்கவில்லை.

இன்று அச்சுப் பக்கத்தை ஒளிப்படம் எடுத்து, அதிலுள்ள எழுத்தைப் பொறியைக் கொண்டு படிப்பித்து, கிடைத்ததனை மின்னூலாக விற்கும் வழக்கம் உளது. அப்பொறி எவற்றில் இடறுகின்றது எனின், ஆகாரக் காலிலும் ரகரத்திலும், ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும், மங்கிய புள்ளியில். வியப்பு என்னவெனில், ஏடெழுதுவோர் இடறிய இடங்களே இவை. நூற்றைம்பது ஆண்டு முயன்று களைந்த பிழைகளை மீண்டும் விலை கொடுத்து வாங்குகின்றோம். மெய்ப்புப் பார்ப்பார் ஒருவர் இருந்தால் இவை ஒருநாள் வேலை. அவர்க்குரிய கூலியைக் கழித்ததால்தான் அந்நூல் மலிவாயிற்று.

அடிபிரிப்பிலும் இதுவே நிகழ்கின்றது. குறள்வெண்பா முதலடி நாற்சீரும் ஈற்றடி முச்சீரும் உடையது என்பது தொடக்கப் பள்ளிச் சிறுவரும் அறிந்தது. கைப்பேசித் திரையில் எழுத்துப் பெரிதாயின் முதலடி இரண்டாக மடியும், ஈற்றடியும் மடியும். நான்கு வரியாகத் தோன்றும் ஒன்றனைக் குறள் என்று அறிதல் முன்னறிவால் அன்றிக் கண்ணால் இயலாது. கந்தபுராணத்துக் கழிநெடில் விருத்தங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாலடிச் செய்யுள் எட்டும் பத்தும் வரியாய் ஒழுகும். அச்சிலும் நீண்ட அடியை மடக்கி அமைப்பதுண்டே என்னலாம். உண்டு, ஆயினும் மடங்கிய பகுதி உள்தள்ளி நிற்கும், அடியின் எல்லை கண்ணுக்குப் புலனாகும். மின்னூலிலும் இவ்வாறு உள்தள்ளி நிற்கச் செய்தல் அரிய செயல் அன்று. செய்ய வேண்டும் என்று நினைப்பார் வேண்டும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் கொண்ட நூலுக்கு அதனைச் செய்யாது விடின், அஃது அச்சுக்கு முற்பட்ட நிலைக்கே திரும்புகின்றது.

பரிமேலழகர் உரை

பரிமேலழகர் உரையை எடுத்துக்கொள்வோம். அது குறட்குக் குறள் தனித்தனியே பொருள் கூறி முடிவதன்று. அதிகாரந்தோறும் தொடக்கத்தில் அதன் பெயர்ப்பொருளும், முன் அதிகாரத்தின்பின் அது வைக்கப்பட்ட முறையும் கூறப்படும். பின்னர்க் குறள், அதன்பின் பொழிப்பு, அதன்பின் சொல்முடிபும் இலக்கணமும் மேற்கோளும், இடையிடையே, பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் எடுத்து மறுத்தல். இவற்றுள் பொழிப்பை மட்டும் எடுத்துப் பரிமேலழகர் உரை எனப் பெயரிட்டு விற்கும் மின்னூல்கள் சில உள. திரைக்கு ஒரு குறள் என்னும் அமைப்பில் அதிகார முறைவைப்புக்கு இடமில்லாது போகின்றது. அங்ஙனம் பெயரும் பொழிப்புமாக நிற்கும் ஒன்றனைப் படித்து, பரிமேலழகர் பாட ஆராய்ச்சி செய்திலர் என்று ஒரு மாணவர் எழுதுவாராயின் குற்றம் அவர்மேல் முழுதும் சாராது.

உரையாசிரியர் எடுத்தாளும் மேற்கோள்கள் இன்ன நூலினவென அவரால் பெரும்பாலும் சுட்டப்பெறுவதில்லை. அவற்றைத் தேடி இடங்குறித்தவர்கள் பதிப்பாசிரியர்கள். வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் விளக்கக் குறிப்புக்களோடு வெளியிட்ட பரிமேலழகர் உரைப்பதிப்பைக் கண்டவர், ஒரு பக்கத்தில் மூலம், உரை, குறிப்பு என்னும் மூன்றடுக்கு எத்துணைத் தெளிவாக அமைக்கப்பட்டுள்ளது என்பதறிவர். எழுத்தின் அளவே எது யாருடைய சொல் என்பதனைக் காட்டும். மூன்றும் ஒரே அளவு எழுத்தாய் ஒழுகும் மின்னூலில் பரிமேலழகர் எங்கே முடிகின்றார், பதிப்பாசிரியர் எங்கே தொடங்குகின்றார் என்று அறிதல் அரிது.

ஆயின் நேர்மையாக மறுபக்கமும் நோக்க வேண்டும். மேற்கோளைத் தொட்ட அளவில் அது வந்த பாட்டு முழுவதும் தோன்றுமாறும், பாடவேறுபாட்டைத் தொட்டால் எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று விரியுமாறும் மின்னூலை அமைத்தல் கூடும். தாளில் இஃது இயலாது. பரிமேலழகர் உரை அவ்வாறு செம்மையாக அமைக்கப்படின், அச்சுப் பதிப்பின் விலையினும் இருமடங்கு கொடுத்து வாங்குதல் தகும் என்பதே என் துணிபு. மின்னூல் அச்சினும் மலிவாகவே இருத்தல் வேண்டும் என்பது ஒரு விதியன்று.

புணர்ச்சியும் தேடலும்

மின்னூலின் தலையாய பயனாகச் சொல்லப்படுவது சொல்லைத் தேடும் வசதி. அதனை அளக்கக் கந்தபுராணத்தின் முதற்செய்யுள் ஒன்றே போதும். அதன் முதற்சீரில் ழகர ஒற்று, வருமொழித் தகரத்தோடு சேர்ந்து டகரமாய் நிற்கின்றது. அரங்கேற்றத்தின்போது இப்புணர்ச்சிக்கு விதி யாது என்று அவையோர் தடுத்ததாகவும், சோழநாட்டினின்று வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் காட்டி அமைதி கூறியதாகவும் வழிவழியாகச் சொல்லுவர். வரலாறோ அன்றோ, ஒரு நூலின் வாயிலிலேயே புணர்ச்சி நிற்பதனை இச்செய்தி உணர்த்துகின்றது.

இனி, ஒளிர்தற் பொருளுடைய அப்பகுதியைத் தேட விழைவார் ழகர ஒற்றோடு அதனை எழுதித் தேடின், நூலின் முதற்சீர் அகப்படாது. பொறிக்கு அது வேறு சொல். இவ்விடர் நீங்கச் சந்தி பிரித்துப் பதிப்பித்தால் தேடல் எளிதாம். ஆயின் அவையோர் ஐயுற்ற புணர்ச்சியே மறைந்துவிடும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாக வெளியிட்டபோது இத்தகைய ஆராய்ச்சி எழுந்தது. அப்பதிப்பிற்குப் பின்னே தேர்ந்த புலவர் குழுவின் உழைப்பு இருந்தது; எங்குப் பிரிப்பது என்பதே ஓர் உரை என்பதனை அவர் அறிந்து செய்தனர். இன்று சிலர் தேடலின் பொருட்டும் திரையின் பொருட்டும் பிரிக்கின்றனர். யார் பிரித்தார், எம்முறையில் என்னும் குறிப்பு இராது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். அங்கே ஒவ்வொரு சொல்லும் புணர்ச்சி நீக்கி உரிய இடத்தில் வைக்கப்பட்டது. தேடற்பொறி ஒரு நொடியில் தருவது எழுத்துக்கோவையை. அச்சொல்லடைவு தருவது சொல்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதி, அச்சொல் அந்நூலில் இல்லை என்று முடிவு கட்டும் ஆய்வேடுகள் பெருகி வருகின்றன. மின்னூலில் மூலத்தைப் புணர்ச்சி மாறாது காட்டி, பிரித்த வடிவை உள்ளே வைத்துத் தேட விடலாம். அதற்கும் இலக்கணம் கற்றவர் கை வேண்டும்.

அகராதியைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939 இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. அதன் மின்வடிவம் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. தொகுதி தொகுதியாக எடுத்துப் புரட்டுவதற்கு மாறாக அதனைப் பயன்கொள்வதே அறிவுடைமை. அகரவரிசையில் தனித்தனிச் சொல்லாக அமைந்த நூலுக்குத் திரை பொருந்தும். புதினம், சிறுகதை முதலியவற்றையும் விரித்துரைக்க வேண்டா. ஒருமுறை படித்து வைப்பார்க்கு மின்னூல் விலைக்குத் தகும்.

மேற்கோள் காட்டுவார்க்குப் பக்க எண் இல்லாமை பெருங்குறை என்பர். பழந்தமிழ் நூல்கட்கு இக்குறை இல்லை. குறள் எண், பாட்டு எண், அடி எண், நூற்பா எண் என அச்சுப் பக்கத்தைச் சாராத எண்முறை நம்மிடம் முன்னரே உளது. ஆகவே எப்பதிப்பிலும் எத்திரையிலும் இடங்காணலாம். உரைநடைக்கே இடர். காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா, 1942 முதல் அந்நகரினின்று வெளிவந்த திராவிட நாடு இதழில் எழுதியவற்றை எண்ணுக. அவர் நூல்கள் நாட்டுடைமையானபின் யாரும் வெளியிடலாம். மின்வடிவிலும் பல கிடைக்கின்றன. கட்டுரை வெளிவந்த நாளும் இதழும் குறிக்கப்பெறாத தொகுப்பு, ஒரு ரூபாய்க்குக் கிடைப்பினும் வரலாறு எழுதுவார்க்குப் பயன்படாது. ஒவ்வொரு பத்திக்கும் எண்ணும் நாளும் இட்ட மின்னூல் வருமாயின் தாள்நூலை விட்டு அதனை மேற்கொள்ளலாம்.

விலையில்லாதவை

விலையே இல்லாத மின்னூல்களையும் கருதியே இவ்வாராய்ச்சி நிறைவுறும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வத் தொண்டரால் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புத் திருத்தி, உழைத்தோர் பெயரையும் நூலின் முகப்பில் இட்டு வெளியிட்டு வருகின்றது. 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அரசு நிறுவனம், சங்க நூல்களை உரைகளோடும், அரிய அச்சுநூல்களை ஒளிப்படப் படிகளாகவும் தருகின்றது. இவ்விருவகையுள் ஆராய்ச்சியாளர் ஒளிப்படப் படியை முதற்கண் நாடல் வேண்டும் என்பேன். அஃது அழகற்றது, தேடற்கு இடந்தராது, கைப்பேசியிற் படித்தால் கண் நோகும். ஆயினும் பதிப்பாசிரியர் அமைத்த பக்கம், அடிக்குறிப்பு, பிழைதிருத்தம், முகவுரை, கையொப்பமிட்டோர் பட்டியல் யாவும் அதன்கண் உள. தட்டெழுத்துப் படியில் தேடி, ஒளிப்படப் படியில் சரிபார்த்து எழுதும் மாணவர்க்கு, பிழைமலிந்த மின்னூலை விலைக்கு வாங்க வேண்டுவதே இல்லை.

இவ்வாறாயின் கடையில் விற்கும் பழந்தமிழ் மின்னூலுக்கு விலை எதன்பொருட்டு? மூலம் யாவர்க்கும் உரியது, தாள் இல்லை, பதிப்புழைப்பும் இல்லை எனின், விலை வாங்குவதற்குக் காரணம் காட்டுதல் கடினம். பதிப்புழைப்பு இருப்பின் முகப்பிலேயே அதனைக் கூறலாம்: எப்பதிப்பை மூலமாகக் கொண்டது, யார் மெய்ப்புப் பார்த்தார், சந்தி பிரித்த முறை யாது, உரையில் விட்ட பகுதி எது. இந்நான்கும் கூறாத மின்னூலைத் துறை நூலகங்கள் வாங்காதிருத்தல் நன்று. ஆய்வேட்டில் அதனை மேற்கோளாக ஏலாதிருத்தல் அதனினும் நன்று.

பல்கலைக்கழகங்களின் பொறுப்பு ஒன்று எஞ்சியுள்ளது. பொதுப்பணத்தால் பதிப்பிக்கப்பெற்று, ஒருமுறை அச்சாகி, படிகள் தீர்ந்தபின் மறுபதிப்புக் காணாத செம்பதிப்புக்கள் பல உள. அவற்றின் பதிப்புழைப்புக்கு மக்கள் முன்னரே விலை கொடுத்துவிட்டனர். அவற்றை ஒளிப்படப் படியாகவும் தட்டெழுத்துப் படியாகவும் விலையின்றி வெளியிட்டு, தாளில் வேண்டுவார்க்கு வேண்டும்போது அச்சிட்டு அடக்கவிலைக்குக் கொடுத்தல் இயலும். சிறு எண்ணிக்கையில் அச்சிடும் பொறிகள் இன்று உள்ளமையால் நூறு படியே வேண்டினும் தடையில்லை. காஞ்சிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் கந்தபுராணத்தில் ஒரு படலத்தையேனும் அடியெல்லை மாறாமலும், புணர்ச்சியைக் காட்டியும், சொல்லடைவோடும் மின்பதிப்பாக அமைத்துப் பார்க்கலாம். முதுகலை மாணவர் பதின்மர்க்கு அஃது ஓராண்டுப் பயிற்சியாகும். எவ்வளவு உழைப்புச் செல்கின்றது, அதற்குரிய விலை யாது என்பதும் அப்போது கணக்கில் வரும்.